ஆமிஷ் பட்டறையில் ஓடுவது காற்று

[திரையில்: நெடுஞ்சாலை ஓரமாகப் போகும் குதிரை வண்டி. பின்னால் மரச்சாமான் கடை.]

மின்கம்பியும் சொந்தக் காரும் வேண்டாம் என்று வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகம் ஆமிஷ். அமெரிக்காவில் ஒரு ஓக் மர மேஜைமேல் ‘ஆமிஷ் தயாரிப்பு’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் விலை தானாக ஏறும். வாங்குகிறவர் மனதில் ஒரு படம் ஓடுகிறது: தாடி வைத்த பெரியவர் ஒருவர், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், உளியும் இழைப்புளியுமாக மாதக்கணக்கில் அந்த மேஜையைச் செதுக்கியிருக்கிறார்.

ஒஹாயோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் ஆமிஷ் மரப்பட்டறைகள் ஏராளம். உள்ளே போனால் முதலில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அத்தனை சத்தம்!

[வரைபடம்: எஞ்சின், காற்றுத் தொட்டி, குழாய்கள்.]

பட்டறைகளில் பரவலாக உள்ள ஏற்பாடு இது. தனிக் கொட்டகையில் ஒரு டீசல் எஞ்சின். அது கம்ப்ரசரை ஓட்டி, பெரிய தொட்டிகளில் காற்றை அழுத்தி நிரப்புகிறது. அந்தக் காற்று குழாய் வழியே பட்டறைக்குள் வந்து ட்ரில்லைச் சுழற்றுகிறது, மரத்தை வழவழப்பாக்கும் சாண்டரை ஓட்டுகிறது. பெரிய ரம்பத்துக்கு இந்த இழுவை போதாது. அங்கே எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் மோட்டார். மிஷினைக் கடையில்தான் வாங்குவார்கள். அப்புறம் மின் மோட்டாரைக் கழற்றிவிட்டு இதை மாட்டிவிடுவார்கள். சில வீடுகளில் சமையலறை மிக்சியும் தையல் மிஷினும்கூடக் காற்றில்தான் ஓடுகின்றன. இதற்குக் கிண்டலாக ஒரு பெயர் உண்டு: ‘ஆமிஷ் மின்சாரம்’.

சரி, இது ஊரை ஏமாற்றுகிற வேலைதானே?

அப்படிக் கேட்கிறவர்கள் நிறைய. எனக்கு அந்தக் கேள்வியே தடம் மாறியதாகத் தெரிகிறது. இயந்திரம் பாவம் என்று ஆமிஷ் மக்கள் சொல்லவில்லை. ஒரு பொருள் உள்ளே வந்தால் குடும்பமும் சபையும் என்ன ஆகும் என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு சபை என்பது சுமார் 20 முதல் 40 குடும்பங்கள். வழிபாட்டுக்குத் தனிக் கோயில் கிடையாது, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். எல்லோரும் குதிரை வண்டி போய்ச்சேரும் தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். அதனால் சொந்தக் கார் கூடாது. அவசரத்துக்கு வாடகைக் காரில் ஏறலாம். தொலைபேசியைப் பல ஊர்களில் வீட்டுக்குள் விடாமல், தெருவோரம் சின்னக் கூண்டு கட்டி நான்கைந்து குடும்பங்கள் பொதுவில் வைத்திருக்கின்றன. பேசலாம், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மணி அடிக்காது. மின்கம்பியும் அப்படித்தான். அது வீட்டுக்குள் வந்தால் பின்னாலேயே ரேடியோவும் டிவியும் வந்துவிடும். டீசல் எஞ்சினுக்கு அந்த வால் கிடையாது.

எல்லா ஊரிலும் ஒரே சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஓர்ட்னுங்’ என்கிற கட்டுப்பாட்டை அந்தந்தச் சபையே முடிவு செய்கிறது. ரொம்பக் கட்டுப்பாடான ஸ்வார்ட்சென்ட்ரூபர் என்கிற ஆமிஷ் பிரிவினர் வண்டிக்குப் பின்னால் ஆரஞ்சு நிற எச்சரிக்கை முக்கோணம் மாட்டக்கூட மறுத்து, வழக்கு வரை போனார்கள். வேறு சில ஊர்களில் கூரைமேல் சோலார் பலகை இருக்கிறது.

[திரையில்: வயல்களுக்கு நடுவே புதிய பட்டறைக் கட்டடங்கள்.]

இவர்கள் எல்லோரும் விவசாயிகள் என்பதும் பழைய கதை. வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள் சாதாரணம். ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை இரட்டிப்பாகிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் நிலத்தின் விலை எகிறிக்கிடக்கிறது. பிள்ளைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்க நிலத்துக்கு எங்கே போவது? அதனால்தான் இத்தனை பட்டறைகள். வட இந்தியானாவில் இன்னும் வேடிக்கை: கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் ஆண்கள் ஆயிரக்கணக்கில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சுற்றுலா வீட்டு வண்டிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள்.

அந்த மேஜைக்கு வருவோம். ஒரு பட்டறை நாற்காலி மட்டும் செய்யும், இன்னொன்று மேஜை மட்டும், சாயமும் வார்னிஷும் மூன்றாவது இடத்தில். அதனால் வாங்கும்போது கையால் செய்ததா என்று கேட்டுப் பயனில்லை. முழு மரமா, மேலே ஒட்டிய வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடா என்று கேளுங்கள். இழுப்பறையை வெளியே எடுத்து, மூலையில் டவ்டெயில் மூட்டு, அதாவது புறா வால் வடிவில் பலகைகளை ஒன்றோடொன்று கோத்த மூட்டு, இருக்கிறதா, ஆணி அடித்து முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.