விளிம்பில் வளரும் இரண்டு கலைகள்: குரோஷாவும் சங்கு சேகரிப்பும்

வணக்கம் நேயர்களே. என் வலது கையில் இருப்பது, முனையில் கொக்கியுள்ள ஊசியால் பருத்தி நூலில் பின்னிய ஒரு குரோஷாக் கூம்பு. இடது கையில் இருப்பது அலை ஒதுக்கிய, நீண்டு முறுகிய ஒரு சங்கு. இரண்டையும் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், அவற்றின் கூர்நுனியை மட்டும் பாருங்கள். இரண்டிலும் நுனிதான் மிகப் பழைய பகுதி. அகன்ற விளிம்புதான் கடைசியாக உருவான பகுதி. குரோஷாவில் ஒரு கண்ணியை முழுவதுமாக முடித்த பிறகே அடுத்த கண்ணிக்குப் போகிறோம் என்பதால், வேலை எப்போதும் விளிம்பில் மட்டுமே நடக்கிறது. சங்கினுள் வாழும் மெல்லுடலியும் அப்படியே வேலை செய்கிறது. இந்த இரண்டு பொழுதுபோக்குகளையும் நான் தனித்தனியாகத்தான் தொடங்கினேன். ஆனால் குரோஷா பழகியவருக்குச் சங்கைப் படிக்கத் தெரிந்துவிடுகிறது என்பதையும், சங்கைக் கூர்ந்து பார்ப்பவருக்குப் பின்னலின் கணக்கு எளிதாகப் பிடிபடுகிறது என்பதையும் இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் சங்கு எப்படி வளர்கிறது என்பதைப் பார்ப்போம். மெல்லுடலியின் உடலைச் சுற்றி மேன்டில் எனப்படும் மெல்லிய சதைமடிப்பு ஒன்று உண்டு. அதுதான் கால்சியம் கார்பனேட்டையும் சிறிதளவு புரதத்தையும் சுரந்து ஓட்டின் விளிம்பில் படியச் செய்கிறது. நண்டு தன் ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டுக்குள் வளர்கிறது. மெல்லுடலி அப்படிக் கழற்றுவதில்லை, கடினமான ஓட்டை இழுத்துப் பெரிதாக்கவும் அதனால் முடியாது. எனவே, உடல் பெரிதாகப் பெரிதாக, வாய்ப்பகுதியில் புதிய வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே போவது ஒன்றே வழி. குஞ்சாக இருந்தபோது கட்டிய ஓடு, இறக்கும்வரை அதன் உச்சியில் அப்படியே இருக்கிறது. நமக்கோ பிடிக்காத வரிசையை உருவிவிடும் வசதி இருக்கிறது. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

குரோஷாவில் வட்டம் பின்னத் தெரிந்தவர்களுக்கு ஆறின் கணக்கு தெரிந்திருக்கும். நான் சொல்வது அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா எனப்படும் குட்டையான கண்ணியை. பிரிட்டிஷ் குறிப்புகளைப் பார்த்துப் பின்னுபவர்கள் இதையே டபுள் குரோஷா என்று படித்திருப்பீர்கள். இந்தக் கண்ணியில் ஆறுடன் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணிகளைக் கூட்டினால், அதாவது 6, 12, 18, 24 என்று போனால், வட்டம் ஏறக்குறையத் தட்டையாகப் படுத்திருக்கும். சுற்றுக்கு மூன்று கண்ணிகள் மட்டும் கூட்டினால், அதாவது 6, 9, 12, 15 என்று போனால், பின்னல் எழும்பிக் கூம்பாகிவிடும். இந்தக் கூம்பின் உச்சிக் கோணம் ஏறத்தாழ 60 பாகை. சுற்றுக்கு ஒரே ஒரு கண்ணி கூட்டினால் கோணம் 20 பாகைக்குள் ஒடுங்கி, ஊசிபோல் நீண்ட சங்கின் வடிவம் கிடைக்கும். ஐந்து கூட்டினாலோ பாறையில் ஒட்டி வாழும் லிம்பெட் ஓட்டைப்போல அகன்று தாழ்ந்த கூரை வடிவம் வரும். என் கையிலுள்ள கூம்பைச் சுற்றுக்கு மூன்று என்ற கணக்கில்தான் பின்னியிருக்கிறேன். நூலின் உறையில் பரிந்துரைத்த அளவைவிடச் சற்றுச் சிறிய ஊசியைப் பயன்படுத்தினேன். கண்ணிகள் நெருங்கி அமர்ந்தால்தான் கூம்பு உள்ளே பஞ்சு வைக்காமலேயே நிமிர்ந்து நிற்கும்.

ஆனால் சங்கு நேரான கூம்பு அல்ல. அது சுருண்ட கூம்பு. சுருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை எளிது. வாயின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட விரைவாக வளர்கிறது, அவ்வளவுதான். இதை நூலில் செய்து பார்க்கலாம். ஒரு குழாயைச் சுற்றுச் சுற்றாகப் பின்னும்போது, ஒரு பாதியில் குட்டையான கண்ணிகளையும் எதிர்ப் பாதியில் உயரமான கண்ணிகளையும் போட்டுக்கொண்டே வாருங்கள். குட்டைப் பக்கம் உட்புறமாக வளைந்து குழாய் கொக்கிபோல் திரும்பும். இதனுடன் ஒவ்வொரு சுற்றிலும் உயரமான கண்ணிகளின் தொடக்கத்தை ஓரிரு கண்ணிகள் தள்ளிப் போட்டால், வளைவு ஒரே தளத்தில் நில்லாமல் திருகிக்கொண்டு கீழிறங்கும். அத்துடன் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டும் போனால், சங்கு ஒன்று உங்கள் மடியில் உருவாகியிருக்கும். டேவிட் ராப் என்ற தொல்லுயிரியலாளர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வாயின் வடிவம், அது விரியும் வேகம், அச்சிலிருந்து அது விலகியிருக்கும் தூரம், அச்சின் வழியே கீழிறங்கும் அளவு ஆகிய நான்கை மட்டும் மாற்றி, சுருண்ட ஓடுகளின் வடிவங்களைக் கணினியால் வரைந்து காட்டினார். நாம் ஊசியால் மாற்றிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதே நான்கைத்தான்.

இடக்கையால் பின்னும் நேயர்களுக்கு ஒரு சிறிய செய்தி. வலக்கையால் பின்னுபவரின் சுற்று ஒரு திசையில் போகும், உங்களுடையது அதன் கண்ணாடிப் பிம்பமாக எதிர்த் திசையில் போகும் அல்லவா? சங்குகளிலும் இந்தப் பிரிவு உண்டு. நுனியை மேலே வைத்து, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், பெரும்பாலான சங்குகளில் வாய் வலப்பக்கம் இருக்கும். மிகச் சில இனங்களில் மட்டுமே இடப்பக்கம் இருப்பது வழக்கம்; அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைகளில் வாழும் லைட்னிங் வெல்க் அவற்றில் ஒன்று. குளத்து நத்தையான லிம்னேயாவில் இந்தத் திசையைத் தீர்மானிப்பது குஞ்சின் சொந்த மரபணு அல்ல, அதன் தாயின் மரபணு என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

ஆறுக்கும் அதிகமாகக் கூட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. இடம் போதாமல் விளிம்பு நெளியத் தொடங்கும். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு வீதம் போட்டு, 6, 12, 24, 48 என்று இரட்டித்துக்கொண்டே போனால், எட்டாவது சுற்றில் 768 கண்ணிகள் வந்து நிற்கும். உள்ளங்கை அளவுப் பின்னலில் அத்தனை கண்ணிகளும் மடிப்பு மடிப்பாக நெருங்கியிருக்கும். கணித அறிஞர்கள் மிகைவளையத் தளம் என்று குறிப்பிடும் பரப்பு இத்தகையதுதான். காகிதத்தில் செய்தால் எளிதில் கிழிந்துபோகும் இந்த வடிவத்துக்கு, 1997ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா என்ற கணிதவியலாளர் குரோஷாவில் உறுதியான மாதிரி செய்தார். 2005ஆம் ஆண்டில் மார்கரெட், கிறிஸ்டின் வெர்ட்ஹைம் சகோதரிகள் அந்த உத்தியைக் கொண்டு பவளப்பாறை ஒன்றையே நூலில் பின்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் அதற்காகப் பின்னியிருக்கிறார்கள். பவளங்களிலும் கடல் அட்டைகளைப்போல் ஊரும் ஓடற்ற கடல் நத்தைகளிலும் இதே நெளிவு இருப்பதால், அந்தத் திட்டத்துக்குக் கடலைத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தம் என்பேன். கைவேலையைக் கணிதத்தைவிடத் தாழ்வாக நினைப்பவர்களிடம் நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

இப்போது கண்களை மூடிக்கொண்டு ஒரு சங்கைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். இது வேடிக்கைக்காக அல்ல. நெதர்லாந்தில் 1946ஆம் ஆண்டு பிறந்த கீரட் வெர்மெய் மூன்று வயதிலேயே பார்வையை இழந்தவர். விரல்களாலேயே ஓடுகளை ஆராய்ந்து, நண்டுகளுக்கும் சங்குகளுக்கும் இடையே நீண்டகாலமாக நடந்துவரும் போட்டியைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற அறிவியலாளர் அவர். நண்டு சங்கின் வாயை உடைக்கப் பார்த்துத் தோற்றுப் போனால், மெல்லுடலி உடைந்த விளிம்பிலிருந்து மீண்டும் ஓட்டைக் கட்டத் தொடங்கும். அந்த இடத்தில் வளர்ச்சிக் கோடுகள் சட்டென்று முறிந்து, கோணல்மாணலான ஒரு தழும்பு நின்றுவிடும். இதோ, இந்தச் சங்கின் கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் நகத்தால் வருடினால் அது தட்டுப்படுகிறது. அறுந்த நூலை முடிச்சிட்டுத் தொடர்ந்த வரிசையை நம் விரல் எப்படிக் கண்டுபிடிக்குமோ, அப்படியே இதையும் கண்டுபிடிக்கும்.

சோழிகளைத் தடவினால் இத்தகைய கோடுகள் பெரும்பாலும் கிடைக்காது. மேன்டில் ஓட்டின் வெளிப்புறத்தையும் போர்த்திக்கொண்டு மெருகு பூசிக்கொண்டே இருப்பதால்தான் சோழிக்கு அந்தப் பளபளப்பு.

பின்னலில் சிப்பிகளைக் கோப்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பசையால் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. சில காலத்தில் பசை மஞ்சளாகிவிடும், துவைக்கவும் முடியாது. துளைக்கருவியால் துளையிடுவதையும் நான் விரும்புவதில்லை, ஏனென்றால் கடலே துளையிட்டுத் தருகிறது. இந்தக் கிளிஞ்சலின் கீல் பக்கத்தில் இருக்கும் துளையைப் பாருங்கள். வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும், திருகாணியின் தலை உட்காருவதற்காகக் குடைந்ததுபோல், வட்டம் பிசகாமல் இருக்கிறது. இது நிலா நத்தையின் வேலை. அது கிளிஞ்சலைத் தன் பெரிய காலால் அணைத்துப் பிடித்து, அமிலம் கலந்த சுரப்பால் ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டி, துளை விழுந்ததும் உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும். துளை முடியும் முன்பே வேட்டை கலைந்துபோன கிளிஞ்சல்களும் கிடைக்கும். அவற்றில் குழியின் நடுவே சிறிய மேடு ஒன்று எஞ்சியிருக்கும். துளையுள்ளவற்றை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் ஊசியைத் துளையினுள் விட்டு நூலை இழுத்து, அந்த வளையத்தை விளிம்புக் கண்ணியுடன் சேர்த்து முடிக்கிறேன். துளையின் உள்விளிம்பு மெல்லியதும் கூரானதும் ஆகையால், நூலை இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இழுத்துக் கட்டினால் ஓடு நூலை அறுத்துவிடும்.

சுத்தம் செய்வதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வினிகர் வேண்டாம். வினிகர் அமிலம், ஓடு கால்சியம் கார்பனேட். நீங்கள் பார்க்கும் நுரை அழுக்கு போவதால் வருவதல்ல, ஓடு கரைவதால் வருவது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, நிழலில் உலர்த்தினாலே பெரும்பாலானவற்றுக்குப் போதும். நாற்றம் போகவில்லையென்றால் தண்ணீர் கலந்த பிளீச்சில் சிறிது நேரம் வைக்கலாம். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். ஓக் போன்ற மரப் பெட்டிகளில் மூடி வைத்தாலும் ஆபத்து உண்டு. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஓட்டின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விவரித்த பைன் என்பவர் பாக்டீரியாவே காரணம் என்று கருதினார். காரணம் வேதிவினை என்று பிறகு தெரிந்தது, ஆனால் பைன் நோய் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். உள்ளே மெல்லுடலியோ, வெற்று ஓட்டில் குடியேறி வாழும் துறவி நண்டோ இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். உயிருள்ள கோனஸ் சங்கைத் தொடவே கூடாது. அம்பு போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தும் அந்த இனத்தில், கோனஸ் ஜியோகிராபஸ் மனிதர்களைக் கொன்றிருக்கிறது. இன்னொரு கோனஸின் நஞ்சை ஆராய்ந்து உருவாக்கிய சிகோனோடைடு என்னும் வலிநிவாரணிக்கு 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு வரும் பளபளப்பான பெரிய சங்குகள் பெரும்பாலும் உயிருடன் பிடிக்கப்பட்டவை என்பதால் நான் வாங்குவதில்லை. ராணிச் சங்கு, பெருஞ்சிப்பி, நாட்டிலஸ் ஆகியவற்றை நாடு விட்டு நாடு கொண்டு செல்வதற்குப் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாடு உண்டு.

வெற்று ஓடுகளையும் அள்ளிக்கொண்டு வரக்கூடாது. துறவி நண்டுக்கு வளர வளரப் பெரிய ஓடு தேவைப்படுகிறது. உதிர்ந்த ஓடுகள் சிதைந்தால்தான் அவற்றின் கால்சியம் மீண்டும் கடலைச் சேர்கிறது. ஸ்பெயினின் ஒரு கடற்கரையை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 30 ஆண்டு இடைவெளியில் சுற்றுலாப் பயணிகள் மூன்று மடங்கானபோது ஓடுகள் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தன. கரையைச் சமன்செய்யும் இயந்திரங்களுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனாலும் நம் பைகளை மறந்துவிட முடியாது. நான் பின்னி வைத்திருக்கும் வலைப்பை உள்ளங்கை அளவுதான். அது நிறைந்ததும் அன்றைய சேகரிப்பு முடிந்தது. புதிதாக ஒன்று பிடித்துவிட்டால், பையிலிருந்து ஒன்றைக் கீழே வைத்த பிறகே அதை எடுப்பேன்.

கடைசியாக, எடுத்துவந்த ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். நூற்கண்டின் உறையில் இருக்கும் சாய எண்ணைக் கிழித்தெறியாமல் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த எண் இல்லாவிட்டால் அதே நிறத்தில் இன்னொரு கண்டு வாங்குவது பெரும்பாடு. ஓட்டுக்கு அந்த எண், அது கிடைத்த இடமும் நாளும்தான். பெயரைப் பிறகுகூடக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். இடத்தையும் நாளையும் அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை. அடுத்த காணொளியில் சுருள் சங்கை முதல் கண்ணியிலிருந்து பின்னிக் காட்டுகிறேன். மூன்று மில்லிமீட்டர் ஊசி, பருத்தி நூல், சுற்றின் தொடக்கத்தைக் குறிக்க ஒரு மார்க்கர், இவற்றை எடுத்து வைத்திருங்கள்.