கோயிலில் இருக்கிறீரோ?

நேயர்களுக்கு வணக்கம். துன்பத்தில் இறைவனிடம் கருணை கேட்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குத் தேவாரம் பாடிய சுந்தரர்தான் நினைவுக்கு வருவார். 'வேறு ஆளே கிடைக்கவில்லையா?' என்று வீட்டில்கூடக் கேட்பார்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. தவறு அவருடையதுதான். அவரும் அதை மறைக்கவில்லை.

தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வருகிறார். 'கோயிலில் இருக்கிறீரோ?' என்று கேட்கிறார். கண்புரை விழுந்த பெரியவர்கள் கூடத்துக்குள் நுழைந்ததும், 'யாரு இருக்கீங்க?' என்பார்களே, அந்தக் குரலில் இதைக் கேட்டுப் பாருங்கள். உள்ளிருந்து பதில் வருகிறது: 'உளோம் போகீர்.' இருக்கிறோம், போய்வாரும். அவ்வளவுதான்! கூடவே ஓர் ஊன்றுகோல். திரும்பச் சொல்கிறேன், கேட்டது கண், கிடைத்தது கோல்.

சுந்தரர் சும்மா இருப்பாரா? 'பிழையுளன பொறுத்திடுவர்' என்று தொடங்கினார். பொறுத்துக்கொள்வீர் என்ற நம்பிக்கையில்தானே தவறு செய்தேன், உமக்குப் பழி வருமே என்றுகூடப் பார்க்காமல் என் கண்ணைப் படலத்தால் மறைத்துவிட்டீரே என்கிறார். படலம் என்பது அவருடைய சொல்லேதான். பாட்டுக்குப் பாட்டு அந்த 'உளோம் போகீர்' வந்து முடிகிறது. அந்தப் பதிலை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

நொந்துபோனவர்களிடம் 'சாமியைக் குறை சொல்லாதே' என்று நாம் அறிவுரை சொல்கிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை. தவறை ஒப்புக்கொண்ட அதே மூச்சில் சண்டையும் போட்டவர் பாட்டைத்தான் திருமுறையில் வைத்திருக்கிறோம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். திருவெண்பாக்கத்தில் அந்தப் பழைய கோயில் இருந்த இடம், 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை இடம் மாற்றி எழுப்பினார்கள். பூண்டிக்குப் போனால் ஊன்றீசுவரரைப் பாருங்கள். கோல் கொடுத்ததால் வந்த பெயர்.

அப்புறம் காஞ்சியில் சுந்தரருக்கு இடக்கண் வந்தது. திருவாரூரில் கோபம் இன்னும் முற்றி, அடியார் அல்லலைக் கேட்டும் சும்மா இருப்பீரானால் 'வாழ்ந்து போதீரே' என்றார். நன்றாக இருந்துவிட்டுப் போங்கள்! வலக்கண்ணும் வந்தது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அப்பரையும் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். சூலை நோயோடு திருவதிகைக்கு அக்காவைத் தேடிப் போனார், திலகவதியார் திருநீறு கொடுத்தார், 'கூற்றாயினவாறு' என்ற பதிகம் பிறந்தது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.