தோட்டத்துப் புல்லும் வகுப்பறை வழக்கும்

(மலேசியாவின் பீடோரில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பரிணாமத்தைப் பள்ளியில் சொல்லித் தரலாமா? தந்தால், கடவுள் படைத்தார் என்பதையும் அதற்குச் சரிக்குச் சரியாக வைக்க வேண்டாமா? இந்த வழக்கு அமெரிக்காவில் நூறு ஆண்டுகளாக நடக்கிறது. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்குப் பரிணாமம் நடத்தியதற்காக 100 டாலர் அபராதம் விதித்தார்கள். பரிணாமம் நடத்தத் தடை போட்ட அந்தச் சட்டம் 1967 வரை உயிரோடு இருந்தது. அடுத்த ஆண்டே, பரிணாமத்துக்குத் தடை போடுவது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடை போனதும் கோரிக்கை மாறியது: "இரண்டையும் சம அளவில் நடத்துங்கள்." அதையும் 1987இல் அதே நீதிமன்றம் தள்ளியது.

ஆசிரியர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது பென்சில்வேனியாவின் டோவர் வழக்கு. 2004இல் அங்கே பள்ளி வாரியம் ஓர் அறிக்கை தயாரித்து, உயிரியல் வகுப்பில் வாசிக்கச் சொன்னது. உயிர்களின் அமைப்பைப் பார்த்தால் யாரோ அறிவுள்ளவர் வடிவமைத்தது போலிருக்கிறது, அதற்கும் ஒரு புத்தகம் உண்டு என்பது அதன் சாரம். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். 11 பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகளையும் புதிய வரைவுகளையும் நீதிமன்றத்தில் அருகருகே வைத்தபோது, 1987 தீர்ப்புக்குப் பிறகு 'படைப்பு' இருந்த இடங்களில் 'வடிவமைப்பு' வந்திருந்தது தெரிந்தது. 2005 டிசம்பர் 20ஆம் தேதி பெற்றோர்கள் வென்றார்கள். வழக்குச் செலவாக ஏறத்தாழ 10 லட்சம் டாலர் அந்தப் பள்ளி வட்டாரத்தின் தலையில் விழுந்தது. பிள்ளைகளின் படிப்புக்குப் போக வேண்டிய பணம் அது.

நம் பண்பாட்டுக்கு அருகில் வருவோம். இந்தியாவில் 2023இல் பத்தாம் வகுப்புத் தேசியப் பாடநூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது. 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். மேல்வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்று பதில் வந்தது. உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு? அந்தப் பிள்ளை வாழ்நாளில் ஒருமுறைகூட அதைக் கேட்காமலே போய்விடும்.

நம் ஊர்களில் இந்த வழக்கு வேறு வேடத்தில் வருகிறது. "டார்வின் என்ன புதிதாகச் சொன்னார்? தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது" என்று கோயில் மண்டபத்தில் பேசுகிறோம், கைதட்டுகிறோம். மீன், ஆமை, பன்றி, சிங்கமனிதன், குள்ளன், பிறகு முழு மனிதன். வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இராமாயணத்திலேயே பரசுராமரும் இராமரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். அவதாரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வந்த வம்சம் அல்ல. அறம் தாழும்போதெல்லாம் இறைவன் எடுக்கும் உருவங்கள். அந்தப் பொருளை விட்டுவிட்டு டார்வினுக்குச் சாட்சி சொல்ல அவதாரங்களை அழைத்தால், பக்தியும் குறைகிறது, அறிவியலும் வளரவில்லை. நான் இதை வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுமே எனக்கு வேண்டும்.

அறிவியல் வகுப்புக்குள் வரும் கருத்துக்கு ஒரே ஒரு நுழைவுச்சீட்டுதான்: "எதைக் கண்டால் இது தவறு என்று ஒப்புக்கொள்வாய்?" பரிணாமத்திடம் அதற்குப் பதில் உண்டு. மீனுக்கும் நாற்கால் உயிருக்கும் இடைப்பட்ட ஒன்று, ஏறத்தாழ 37 கோடி ஆண்டுப் பாறையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கனடாவின் வடகோடியில் அந்த வயதுப் பாறையாகப் பார்த்துத் தேடினார்கள். 2004இல் டிக்டாலிக் என்ற உயிரின் புதைபடிவம் கிடைத்தது. துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பு, மீனுக்கு இல்லாத கழுத்து. கிடைக்காமல் போயிருக்கலாம் அல்லவா? அப்படித் தோற்கக்கூடிய இடத்தில் நின்று ஜெயித்த கருத்து அது.

இது மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் மலாக்காவில் தங்கி குனோங் லேடாங் மலை ஏறினார். 1855இல் சரவாக்கின் சந்துபோங்கில், ஒவ்வோர் இனமும் இடத்தாலும் காலத்தாலும் தனக்கு நெருங்கிய முந்தைய இனத்தை ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதினார். 1858 ஜூலை 1ஆம் தேதி டார்வினின் எழுத்தோடு சேர்த்து வாலஸின் கட்டுரையும் லண்டனில் வாசிக்கப்பட்டது.

சரி, வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது? குரங்கிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே தொடங்கினால் பாடம் நின்றுபோய்ச் சண்டை ஆரம்பிக்கும். நம் தோட்டத்துப் புல்லிலிருந்து தொடங்குங்கள். செம்பனை வரிசைகளுக்கு இடையிலும் பாதை ஓரத்திலும் தரையோடு தட்டையாகப் படர்ந்து, கதிர் விரல் விரித்தாற்போல நிற்குமே, மலாய்க்காரர்கள் 'ரும்புட் சம்பாவ்' என்பார்களே, அந்தப் புல். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதை ஒழுங்காகக் கொன்றது. 1997இல் மலேசியாவில் அதற்குச் சாகாத புல் பதிவானது. அந்தப் புல்லைக் கொல்ல, சாதாரணப் புல்லுக்கு வேண்டியதைப் போல் 2 முதல் 4 மடங்கு மருந்து தேவைப்பட்டது.

காரணம் என்ன? கிளைபோசேட், செடிக்குள் இபிஎஸ்பிஎஸ் என்ற ஒரு நொதியை அடைக்கிறது. செடி தனக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைச் செய்ய முடியாமல் சாகிறது. அந்த நொதியே அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலிதான். சாகாத புல்லில் அதன் 106ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் என்ற வேறொன்று. ஓர் எழுத்துப் பிசகு போல ஒரே ஒரு மாற்றம், மருந்து சரியாகப் போய் ஒட்டவில்லை. பிறகு 2015இல், 102ஆம் இடத்திலும் சேர்ந்து மாறிய புல் மலேசியாவிலிருந்தே அறிவிக்கப்பட்டது. அதன் எதிர்ப்பு சுமார் 180 மடங்கு. ஆனால் இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்த இரட்டை மாற்றத்தை வாங்கிய செடி நன்றாக வளர்வதில்லை. மருந்து அடிக்கும் இடத்தில் அது வெல்லும்; அடிக்காத இடத்தில் பின்தங்கும். 'வலியது வாழும்' என்று நாம் மேலோட்டமாகச் சொல்வதை இந்தப் புல் திருத்துகிறது: அந்தந்த இடத்துக்குப் பொருந்தியது வாழும்.

இதைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கலாம். படிவம் 5 உயிரியலில் மாறுபாடு பற்றிய பாடம் வரும்போது இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். குழுவுக்கு 100 வெள்ளைக் கொண்டைக்கடலை, 100 கறுப்புக் கொண்டைக்கடலை, 10 தாயக்கட்டைகள், அதாவது ஒன்று முதல் ஆறு வரை புள்ளி உள்ளவை. தட்டில் 98 வெள்ளை, 2 கறுப்பு. வெள்ளை, மருந்துக்குச் சாகும் புல். கறுப்பு, தாங்கும் புல். 'மருந்தடிப்பு' என்றால் ஒவ்வொரு கடலைக்கும் ஓர் உருட்டு. வெள்ளை, 6 விழுந்தால் மட்டும் பிழைக்கும். கறுப்பு, 1 விழுந்தால் மட்டும் சாகும். பத்துக் கட்டையையும் ஒன்றாக உருட்டினால் நேரம் மிச்சம். பிழைத்தவற்றை அதே விகிதத்தில் மீண்டும் 100 ஆக்குங்கள். அதுதான் விதை விழுந்து முளைப்பது. சராசரியாகக் கணக்கிட்டால் முதல் அடிப்புக்குப் பின் கறுப்பு சுமார் 9, இரண்டாவதில் 34 அளவில், மூன்றாவதில் 72ஐ ஒட்டி, நான்காவதில் 93 பக்கம் வரும்.

எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் அடிப்பிலேயே இரண்டு கறுப்பும் செத்துவிடலாம். 36இல் ஒரு வாய்ப்பு. அந்தக் குழுவை 'மறுபடி செய்' என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல மாற்றமும் தற்செயலாக அழியும் என்பதற்கு அதுவே சான்று. கரும்பலகையில் அதையும் எழுதுங்கள். இரண்டாவது, மருந்தே அடிக்காத ஒரு தட்டு கட்டாயம் வேண்டும். நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் முதலில் விடுவது இதைத்தான். விட்டால், கறுப்பு தானாகவே பெருகும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பெரிய தவறு, அடிக்கடி நடப்பதும் அதுவே. பாடம் முடிந்து "என்ன நடந்தது?" என்று கேட்டால், "மருந்து பட்டுப் பட்டுப் புல் பழகிப்போச்சு சார்" என்று பாதி வகுப்பு சொல்லும். வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் அதுதான். உடனே தட்டைக் காட்டிக் கேளுங்கள்: எந்த வெள்ளைக் கடலையாவது கறுப்பாக மாறியதா? ஒன்றுகூட இல்லை. கறுப்பு, மருந்துக்கு முன்பே இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை; மற்றவற்றை விலக்கி அதற்கு இடம் விட்டது. இந்த ஒரு தெளிவு வந்துவிட்டால் பாடத்தின் பெரும்பகுதி முடிந்த மாதிரி.

"புல் கடைசியிலும் புல்தானே, வேறு இனம் ஆகவில்லையே" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். ஆமாம், கடலைத் தட்டு இயக்கத்தை மட்டுமே காட்டுகிறது, கோடிக்கணக்கான ஆண்டு வரலாற்றை அல்ல. வரலாற்றுக்கு வேறு சான்றுகள். டிக்டாலிக் ஒன்று. இன்னொன்று நம் உடம்புக்குள்: மரபுச் செய்தியைச் சுமக்கும் நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) சிம்பன்சிக்கு 24 இணை, நமக்கு 23. இரண்டு ஒட்டி ஒன்றாகியிருந்தால் ஒட்டிய தழும்பு இருக்க வேண்டும். நம் இரண்டாம் நிறப்புரியின் நடுவில், நுனியில் இருக்க வேண்டிய அடையாளங்கள் இருக்கின்றன.

"அப்படியென்றால் சாமி இல்லையா?" என்ற கேள்வியும் வரும். அதற்கு 'இல்லை' என்று சொல்ல உயிரியல் ஆசிரியருக்கு உரிமை இல்லை. 'உண்டு' என்று நிறுவவும் உயிரியலில் கருவி இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் கேட்டால், 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று ஏற்றதைச் சொல்லலாம். படைப்புக் கதைகளுக்குக் கோயிலும் தேவாலயமும் வீடும் இருக்கின்றன. அறிவியல் வேளையில் சமபங்கு கொடுக்கவும் வேண்டாம், அவற்றைக் கிண்டல் செய்யவும் வேண்டாம்.

தேர்வுத்தாளிலும் கவனம் வேண்டும். "மனிதன் எப்படித் தோன்றினான் என்று நீ நம்புகிறாய்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பிள்ளையின் நம்பிக்கைக்கு மதிப்பெண் போடுகிற வேலை நமக்கு வேண்டாம். "தரப்பட்ட அட்டவணைப்படி, நான்காவது மருந்தடிப்புக்குப் பின் தாங்கும் புல் ஏன் பெரும்பான்மையானது? இரண்டு காரணம் எழுதுக" என்று கேளுங்கள். மருந்துக்கு முன்பே மாறுபாடு இருந்தது, பிழைத்தது தன் மாற்றத்தை விதைக்குக் கொடுத்தது: இரண்டையும் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண். 'பழகிப்போனது' என்று எழுதியிருந்தால் பாதிகூடத் தராமல், தட்டையும் கடலையையும் மறுபடி மேசைக்குக் கொண்டுவாருங்கள்.