பங்குனியில் பார்க்க வேண்டிய நீர்க்கசிவு: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு விளக்கம்

[காட்சி: மொட்டை மாடியில் காலை வெயில். தண்ணீர்த் தொட்டியின் அடியில் மட்டும் பாசி படர்ந்திருக்கிறது.]

வணக்கம். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் இந்த நாட்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மழை பெய்வது அரிது. ஆகவே, வீட்டின் எந்த மூலையில் ஈரம் தென்பட்டாலும் அதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் குழாயாகவோ தொட்டியாகவோதான் இருக்கும். ஐப்பசியில் சுவரில் ஓதம் ஏறினால், அது மாடித் தளத்தில் இறங்கிய மழைநீரா, குளியலறைச் சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவா என்று தெரிந்துகொள்வதற்குள் தை வந்துவிடும். பங்குனியில் அந்தக் குழப்பமே இல்லை. காய்ந்து கிடக்கும் கொல்லையில் ஓரிடத்தில் மட்டும் பச்சைப் புல் முளைத்திருந்தாலோ, சுவரின் ஒரு பகுதி மட்டும் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தாலோ, தேட வேண்டிய இடத்தை வீடே காட்டிக்கொடுக்கிறது என்று பொருள்.

[காட்சி: தெருக் குழாயடியில் வரிசையாகக் குடங்கள்.]

நம் இரு மாவட்டங்களுக்கும் இதில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. இங்குள்ள பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லி கிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 மில்லி கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படிவதோடு எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுகின்றன. கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்த தொட்டி இரவோடிரவாகக் கசிந்து இறங்கினால், மறுநாள் உலை வைக்க மறுபடியும் புளோரைடு மிகுந்த போர் தண்ணீரைத்தான், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான், நாட வேண்டியிருக்கும்.

[காட்சி: வெயிலில் வெளுத்துப் போன பி.வி.சி. குழாய், அதன் எல்போ என்னும் வளைவு இணைப்பு.]

இந்தப் பருவத்தில் குழாய்கள் ஏன் விட்டுப்போகின்றன என்பதைப் பார்ப்போம். மேட்டுநிலமான இப்பகுதியில், அதிலும் ஓசூர்ப் பக்கம், இந்த மாதங்களில் விடியற்காலையில் குளிர்ச்சியும் நண்பகலில் கடும் வெயிலும் இருக்கும். பி.வி.சி. குழாய் சூட்டில் நீண்டு, குளிரில் சுருங்கும் பொருள். 10 மீட்டர் நீளமுள்ள குழாயின் வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீள்கிறது. சுவரோடு இறுக்கி கிளாம்ப் அடித்த குழாய்க்கு நீள இடம் இல்லாததால், அந்த விசை முழுவதும் எல்போவிலும், டீ எனப்படும் மூன்று வழி இணைப்பிலும் போய் விழுகிறது. போதாக்குறைக்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் குழாயை வெளுக்கச் செய்து நாளடைவில் முறுகலாக்கிவிடுகின்றன. கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டும் குழாயை இந்த ஆண்டே மாற்றிவிடுவது நல்லது. புதுக் குழாய்க்கு வெளிர்நிறப் பெயின்ட் ஒரு கோட்டிங் அடித்து, கிளாம்பைச் சற்றுத் தளர்வாக மாட்டினால் அதன் ஆயுள் கூடும். செலவு அதிகமில்லாத இந்த வேலையைச் செய்யும் வீடுகள் ஏனோ மிகக் குறைவு.

[காட்சி: தரைத்தொட்டியின் மூடி திறக்கப்படுகிறது. உட்சுவரில் சாக்பீஸ் கோடு.]

இனி தொட்டிகளுக்கு வருவோம். தரைத்தொட்டி, அதாவது சம்ப், மண்ணுக்குள் இருப்பதால் அதன் கசிவு கண்ணுக்குத் தெரியாது. இதற்கான சோதனையை இரவில் செய்வது எளிது. எல்லோரும் படுத்த பிறகு, தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, மோட்டார் ஓடாமல் பார்த்துக்கொண்டு, நீர்மட்டத்துக்கு நேராக உட்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மூடிய தொட்டியில் ஓர் இரவில் ஆவியாகும் நீர் மிகச் சொற்பம் என்பதால், காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால் அது கசிவுதான். உட்புறம் 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறக்கம் என்பது 30 லிட்டர்.

இந்தச் சோதனையை ஒரே இரவோடு நிறுத்திவிடாமல், கசிவு உறுதியான பின் தொட்டியை நிரப்பாமல் சில நாட்கள் விட்டுப் பார்த்தால் இன்னொரு விவரமும் கிடைக்கும். இறங்கிக்கொண்டே வரும் நீர் ஓர் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டால், வெடிப்பு அந்த மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கிறது. அடிவரை வடிந்துவிட்டால் தரையிலோ, தரையும் சுவரும் சேரும் மூலையிலோ இருக்கிறது. கொத்தனாரிடம் தொட்டி முழுவதையும் பூசச் சொல்வதற்கும் ஓரடி உயரத்தில் ஒரு பட்டையை மட்டும் கொத்திப் பூசச் சொல்வதற்கும் உள்ள கூலி வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

[காட்சி: மாடித் தொட்டியின் மிதவை வால்வு, மிக அருகில். பித்தளைத் தண்டைச் சுற்றி வெள்ளை உப்புப் படிவு.]

மாடித் தொட்டியில் முதலில் கவனிக்க வேண்டியது மிதவை வால்வு. போர் தண்ணீரில் உள்ள உப்பு அதன் தண்டைச் சுற்றிப் படிந்து இறுகும்போது, மிதவை மேலே எழும்பினாலும் வாஷர் முழுமையாகப் போய் அமர்வதில்லை. தொட்டி நிறைந்த பிறகும் மெல்லிய தாரையாக நீர் வந்துகொண்டே இருக்கும். அது ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வடிந்து மாடியிலேயே காய்ந்துவிடுவதால் கீழே இருப்பவர்கள் அறிவதில்லை. வால்வைக் கழற்றி, படிவு கரையும் வரை வினிகரில் ஊற வைத்துத் தேய்த்துக் கழுவி, வாஷரை மாற்றி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மிதவைக்குள்ளேயே நீர் புகுந்து கனத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

[காட்சி: கழிப்பறை ஃப்ளஷ் டேங்க். சொட்டு நீலம் விடும் கை.]

சத்தமே இல்லாமல் தண்ணீரைத் தின்பது ஃப்ளஷ் டேங்க். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளை அந்த டேங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே உள்ள ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்யலாம்.

குழாய்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது குறைந்தது 4 லிட்டர். பழைய திருகு குழாயில் வாஷர் மாற்றினால் போதும். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாயில் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். சொட்டுவதை நிறுத்த மேலும் மேலும் இறுக்குவது வாஷரை வெட்டிவிடும்.

[காட்சி: இணைப்பின் மேல் அப்பிய எம்-சீல். அதன் ஓரத்தில் துளிர்க்கும் நீர்.]

இணைப்பில் கசிந்தால் வெளியே எம்-சீலை அப்பிவிடுவது நம் வழக்கம். உள்ளிருந்து தள்ளும் நீருக்கு வெளிப்பூச்சு வெகுநாள் தாங்காது. பிளம்பர் வரும்வரைக்கும்தான் அது உதவும். கசியும் பகுதியை அறுத்தெடுத்து, முனைகளை ஈரம் போகத் துடைத்து, இரு முனைகளையும் சேர்க்கும் காலர் வைத்து, சொல்யூஷன் எனப்படும் பி.வி.சி. பசை தடவி ஒட்டிய பின், டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் முடியும்வரை தண்ணீர் விடாமல் காத்திருக்க வேண்டும். திருகு மரை உள்ள இடங்களில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றினால்தான் முறுக்கும்போது அது பிரியாமல் இருக்கும்.

[காட்சி: வாசலில் தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு. அதைச் சுற்றிச் சேறு.]

கடைசியாக, தெருக் குழாயிலிருந்து தரைத்தொட்டி வரை மண்ணுக்கடியில் வரும் இணைப்பு. மற்ற கசிவுகளைவிட இதைத்தான் அவசரமாகச் சரிசெய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. விடும் நேரத்தில் வெடிப்பு வழியே வெளியேறும் நீர், விடாத நேரத்தில் குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சும்போது, சுற்றியுள்ள சாக்கடை நீரோடு திரும்ப உள்ளே போகக்கூடும். தண்ணீர் வந்தவுடன் முதலில் கலங்கலாகவோ நாற்றத்தோடோ விழுந்தால் அதைத் தொட்டியில் பிடிக்காமல் வெளியே விடுங்கள். ஈரம் உங்கள் வீட்டு வால்வுக்கு முன்னால் தெருப் பக்கம் இருந்தால் நீங்களே தோண்ட வேண்டாம். ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் குழாயைச் சரிசெய்த பின், தரைத்தொட்டியை ஒருமுறை காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.