சொவேட்டோ வீடுகளில் பிள்ளைகளிடம் ஏன் இத்தனை ரகசியம்?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் வளர்ந்த சிலர், பாட்டியை அம்மா என்றும் பெற்ற தாயை அக்கா என்றும் நம்பி வளர்ந்ததாகச் சொல்கிறார்களே, அவ்வளவு பொய் எதற்கு?"

மானத்துக்குப் பயந்து மறைத்ததும் உண்டு. அது எந்த ஊரில்தான் இல்லை? ஜோகன்னஸ்பர்க் நகரை ஒட்டிய கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவேட்டோவில் கூடுதலாகச் சட்டமும் சேர்ந்துகொண்டது. வெள்ளையர் வீட்டில் தங்கி வேலை செய்த தாய், பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. விடுப்பு நாளில் மட்டும் வந்து போகிறவள் அக்காவாகிவிடுவதில் வியப்பில்லை.

நிறவெறி ஆட்சியில் குடியிருப்பு வீடுகளுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. யார் யார் தங்கலாம் என்று அதில் பெயர் இருக்கும். நகரத்தில் வசிக்கும் உரிமை பெறாத கறுப்பினத்தவர் 72 மணி நேரத்துக்கு மேல் அனுமதியின்றித் தங்கினால் குற்றம். நள்ளிரவில் போலீஸ் கதவைத் தட்டும். டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடித்து, படுத்திருப்பவர்களைச் சீட்டோடு ஒப்பிடுவார்கள். கிராமத்திலிருந்து வந்த தங்கை மகன் அந்த நேரத்தில் "என் மகன்"தான். வீடு பெரும்பாலும் ஆண் பெயரில்தான் கிடைத்தது என்பதால், கணவன் விட்டுப்போனதையும் வெளியே சொல்ல முடியாது. பிள்ளைக்கு உண்மை தெரிந்தால் தெருவில் உளறிவைக்குமே!

பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த ரகசியமும் இருந்தது. வீட்டில் பீர் காய்ச்சி விற்றுப் பிழைத்த பெண்கள், அதைத் தகரங்களில் ஊற்றி முற்றத்து மண்ணில் புதைத்து வைப்பார்கள். தெருமுனையில் விளையாடுகிற பையன்தான் காவல். போலீஸ் தலை தெரிந்ததும் குரல் கொடுப்பான்.

சில வீடுகளில் பிள்ளையையே மறைக்க வேண்டியிருந்தது. நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா 1984இல் பிறந்தபோது, அவருடைய கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் இருந்த உறவு சட்டப்படி குற்றம். சொவேட்டோவில் பாட்டி வீட்டுக்குப் போனால் அவரைத் தெருவில் விளையாட விடமாட்டார்கள். மறு ஆண்டே அத்தகைய உறவுக்கான சட்டத் தடை நீங்கியது, அது வேறு.

நடமாட்டக் கட்டுப்பாடுகள் 1986இல் ஒழிந்தன. வாய் மட்டும் அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. எய்ட்ஸ் பரவிய காலத்தில் பல சாவு வீடுகளில் "காசநோய்" என்றார்கள், "நிமோனியா" என்றார்கள். சொவேட்டோவில் பல ஆண்டுகள் வாழ்ந்த நெல்சன் மண்டேலா, 2005 ஜனவரியில் தம் மகன் மக்காதோ இறந்த அன்றே பத்திரிகையாளர்களை வீட்டுக்கு அழைத்து, எய்ட்ஸால்தான் இறந்தான் என்று அறிவித்தார். இந்த நோயை ஒளித்து வைக்காமல் ஊரறியப் பேசுங்கள் என்பதுதான் அன்று அவர் கேட்டுக்கொண்டது.