பழைய வீட்டுச் சமையலறை: சுவருக்குள் இருக்கும் செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள், சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்ததும் முதலில் போவது டைல்ஸ் கடைக்குத்தான். கட்டடப் பொறியாளன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: கடையில் வாங்கும் பொருளின் செலவு ஏறக்குறைய நாம் போட்ட கணக்குக்குள் அடங்கிவிடும், கணக்கை மீறுவது சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வேலை.

10 அடிக்கு 8 அடி அளவுள்ள சமையலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுவர்களை ஒட்டி ‘எல்’ வடிவில், 2 அடி அகலத்தில் மேடை அமைத்தால் மொத்தம் 32 சதுர அடி கிரானைட் தேவைப்படும். சதுர அடி 250 ரூபாய் என்றால் கல்லின் விலை 8,000 ரூபாய். அதையே பேரம் பேசி 200 ரூபாய்க்கு வாங்கினால் மிச்சமாவது 1,600 ரூபாய். இந்த 1,600 ரூபாய்க்காக நான்கு கடை ஏறி இறங்கும் நாம், குழாயையும் ஒயரையும் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. சிமெண்ட் விலையும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்லதுதான் என்றாலும், ஒரு சமையலறைக்கு ஆகும் சில மூட்டைகளில் அது பெரிதாகத் தெரியாது.

பழைய வீடுகளில் தண்ணீர் வருவது பெரும்பாலும் ஜிஐ குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில். அதன் உட்புறத் துத்தநாகப் பூச்சு காலப்போக்கில் கரைந்து, துரு அடுக்கடுக்காகப் படிந்துவிடுகிறது. அரை அங்குலக் குழாயை வெட்டிப் பார்த்தால், உள்ளே ஒரு பென்சில் நுழையும் இடம்கூட இல்லாமல் செம்மண் நிறத்தில் அடைத்திருக்கும். வெளியே தெரியும் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, சுவருக்குள் போகும் பழைய குழாயோடு புதியதை இணைத்தால், மரை போடும்போதே பழைய குழாய் உடைவதுண்டு. அன்று தப்பித்தாலும், டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒருநாள் அது கசியும். ஆகவே மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் இடம்வரை சிபிவிசி என்னும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுவதே, செலவு கூடினாலும், சிக்கனம்.

கழிவுநீர்க் குழாய் இன்னும் கடினமானது. சிங்க்கை வடக்குச் சுவரிலிருந்து ஜன்னலுக்கு அடியில் மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வது ஒரு வரி ஆசை. ஆனால் அதற்காகத் தரையைத் தோண்டி, சேம்பர் எனப்படும் வெளிக் கழிவுநீர்த் தொட்டிவரை சரியான வாட்டம் கொடுத்துப் புதுக் குழாய் பதிக்க வேண்டும். தரையை உடைத்தால் அந்தக் காலத்து சிவப்பு ரெட் ஆக்சைடு தரை போய்விடும், அதை அதே பளபளப்போடு திரும்பப் போட்டுத் தரும் கொத்தனார் இன்று எளிதில் கிடைப்பதில்லை. தவிர்க்க முடியாத காரணம் இல்லையென்றால், சிங்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது மின்சாரம். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட் கெட்டில், 1,200 வாட் மைக்ரோவேவ், 750 வாட் மிக்ஸி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 24 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்குமாக இழுத்த மெல்லிய ஒயர், அதுவும் எர்த் இல்லாதது, இதைத் தாங்காது. பிளக் பாயிண்டை மட்டும் பெரிதாக மாற்றி வைப்பது ஆபத்தை மறைக்கும் வேலை. மெயின் போர்டிலிருந்து சமையலறைக்குத் தனி லைன், சுமை மீறினால் தானே அணையும் எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, முறையான எர்த் ஆகியவற்றை மதிப்பீட்டில் சேர்த்தே கேளுங்கள். மின்வாரியத்தில் பதிவான மின்சுமை போதுமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

சுவர் சுண்ணாம்புக் காரை பூசியதாக இருந்தால், அதன்மேல் நேராக டைல்ஸ் ஒட்டினால் பிடிக்காது. காரையைச் செங்கல்வரை கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டும். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டுத் திறந்த சமையலறை அமைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேக்குக் கட்டைகளை அடுக்கி, மேலே செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் தளத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது சுவர்கள்தாம். அங்கே கான்கிரீட் தூண் கிடையாது. பொறியாளரைக் கேட்காமல் அந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது. கேட்டு எடுத்தாலும், இரும்பு உத்தரம் கொடுப்பதற்கே தனியாக ஒரு தொகை ஆகும்.

செலவைக் குறைக்கும் வழியும் பழைய வீட்டிலேயே உண்டு. மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்புகள் உறுதியாக இருந்தால், அவற்றை உடைத்து பிளைவுட் பெட்டிகள் செய்ய வேண்டிய அவசியமில்லை. கல்லுக்கு முன்னால் சட்டமடித்துக் கதவு மட்டும் போட்டால் போதும். கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீர் பட்டு ஊறவும் ஊறாது. என்னைக் கேட்டால், விலையுயர்ந்த மாடுலர் பெட்டியைவிட இதுவே நம் சமையலுக்கு ஏற்றது.

முழு வேலைக்கும் ஒரே தொகையை முதல் நாளே பேசி முடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. உடைப்பதை மட்டும் தனி வேலையாக, நாள் கூலிக்கு முடித்துவிடுங்கள். டிப்பர் நுழையாத சந்தாக இருந்தால், இடிபாட்டை மூட்டை கட்டித் தெருமுனைவரை சுமக்கும் கூலியையும் அதிலேயே சேருங்கள். குழாயும் ஒயரும் செங்கல்லும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரையும் ஒன்றாக நிறுத்தி மதிப்பீடு வாங்குங்கள். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் ஒதுக்கி வையுங்கள். குழாயில் தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுதும் அழுத்தத்தில் வைத்துப் பார்த்து, கசிவில்லை என்று தெரிந்த பிறகே டைல்ஸ் ஒட்ட அனுமதியுங்கள். கடைசித் தவணையை, சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அது தடையின்றி சேம்பருக்குப் போய்ச் சேருவதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.