ஓர் அங்குலம்கூட இல்லாத இடைவெளி: சியாட்டில் மரைனர்ஸ் ரசிகர்களின் நான்கு நாள் விடுமுறை

[திரையில்: அட்லாண்டாவின் ட்ரூயிஸ்ட் பார்க் மைதானம், இரவு விளக்குகள். நடுவில் இரண்டு எண்கள்.]

வணக்கம், நேயர்களே. 470.62 அடி, 470.54 அடி. திரையில் தெரியும் இந்த இரண்டு எண்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 14 அன்று இரவு, ஹோம் ரன் டெர்பி என்னும் போட்டியின் முதல் சுற்றில் இரண்டு வீரர்கள் தலா 17 ஹோம் ரன்கள், அதாவது எல்லைக்கு வெளியே பறக்கும் அடிகள், அடித்துச் சமநிலையில் நின்றார்கள். அவர்களில் யார் மேலே செல்வது, யார் வெளியேறுவது என்பதை இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் தீர்மானித்தது. அது முழுதாக ஓர் அங்குலம்கூட இல்லை. அந்த இடைவெளியில் தப்பித்தவர் அன்றிரவே கோப்பையையும் வென்றார். அவர் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் கேட்சர் கேல் ராலி.

அந்த வாரம் மரைனர்ஸ் அணிக்கு நான்கு நாட்கள் ஆட்டமே கிடையாது. சீசனின் நடுவே எல்லா அணிகளுக்கும் விடப்படும் இடைவேளை அது. விருப்பமான அணி ஆடாத நாட்களில் ஒரு ரசிகருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகவே இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேஸ்பால் அணியைப் பின்தொடர்பவர்கள் தவறவிடவே கூடாத நாட்கள் இவைதான். வெற்றி தோல்விப் பட்டியலின் பதற்றம் இல்லாமல் நம் அணி வீரர்களைத் தனித்தனி மனிதர்களாகப் பார்க்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை, இந்த நான்கு நாட்களில் மட்டுமே கிடைக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை ஏறத்தாழ நாள்தோறும் ஆடி, 162 ஆட்டங்களை முடிக்கிறது. ஜூலை நடுவில் வரும் இடைவேளையின் செவ்வாய்க்கிழமையன்று அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்னும் இரு பிரிவுகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம் நடைபெறும். 1933-இல் சிகாகோவில் தொடங்கிய வழக்கம் இது. அதற்கு முந்தைய இரவு ஹோம் ரன் டெர்பி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

[திரையில்: அமெரிக்கன் லீக் மேற்குப் பிரிவின் புள்ளிப் பட்டியல், 2025 ஜூலை 13]

இடைவேளைக்குள் மரைனர்ஸ் நுழைந்த விதமே ரசிகர்களுக்கு நம்பிக்கை தந்தது. அந்த நேரத்தில் லீக் முழுவதிலும் முன்னணியில் இருந்த டெட்ராய்ட் டைகர்ஸ் அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே மூன்று ஆட்டங்களிலும் தோற்கடித்துவிட்டுத்தான் அவர்கள் விடுமுறைக்குப் போனார்கள். 51 வெற்றி, 45 தோல்வி. மேற்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்த ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி ஐந்து ஆட்டங்கள் முன்னே இருந்தது. ராலியின் கணக்கில் அதற்குள் 38 ஹோம் ரன்கள் சேர்ந்திருந்தன. இடைவேளைக்கு முன் அதிக ஹோம் ரன் அடித்தவர் என்ற சாதனை 2001-இல் 39 அடித்த பேரி பாண்ட்ஸிடம் இருக்கிறது. அதற்கு ஒன்றுதான் குறைவு.

இந்த 38 ஏன் நம்ப முடியாத எண் என்பதைப் புரிந்துகொள்ளக் கேட்சரின் வேலை என்ன என்று தெரிய வேண்டும். இந்தப் பகுதியில் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த கிரிக்கெட் விக்கெட் கீப்பரை மனத்தில் நிறுத்துங்கள். வேகப்பந்து வீச்சுக்கு அவர் ஸ்டம்புகளிலிருந்து பல அடிகள் பின்னால் நிற்பார். பந்து தரையில் பட்டு, வேகம் சற்றுத் தணிந்தே அவர் கைக்கு வரும். பேஸ்பால் கேட்சரோ பேட்டருக்கு மிக அருகில், கால்களை மடக்கிக் குந்தியபடி இருந்து, மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் தரையைத் தொடாமல் வரும் பந்தைப் பிடிக்கிறார். கீப்பர் அடுத்து எந்த வகைப் பந்து வீசப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வதில்லை. கேட்சருக்கு அதுவும் கடமைதான். எதிரணி பேட்டர் ஒவ்வொருவரின் பலவீனத்தையும் நினைவில் வைத்து, ஒவ்வொரு பந்துக்கும், பந்து வீசும் பிட்சருக்குக் குறிப்பு கொடுக்கிறார். குந்தி எழுந்து, குந்தி எழுந்து, ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை முழங்கால்கள் அந்த வேதனையைத் தாங்குகின்றன. ஆகவேதான் நல்ல கேட்சர் மட்டையால் பெரிதாகச் சாதிக்காவிட்டாலும் அணிகள் அவரைப் பொறுத்துக்கொள்கின்றன. கேட்சராக ஆடியவர்களில் ஒரு முழு சீசனில் அதிக ஹோம் ரன் அடித்தவர் அதுவரை 2021-இல் 48 அடித்த சால்வடோர் பெரஸ். ராலி அதில் பெரும்பகுதியை ஜூலை நடுவிலேயே எட்டிவிட்டார். அவர் இடக்கையாலும் வலக்கையாலும் மட்டை பிடிப்பவர் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: பந்தெறியும் தந்தை, மட்டையுடன் மூத்த மகன், கேட்சர் உடையில் இளைய மகன். வரைபடமாக.]

இப்போது டெர்பிக்கு வருவோம். இந்தப் போட்டியில் தனக்குப் பந்தெறிபவரை வீரரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ராலி தன் தந்தை டாட் ராலியை அழைத்து வந்தார். வெஸ்டர்ன் கரோலைனா, டென்னஸி பல்கலைக்கழக அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். மகனுக்குச் சிறு வயதிலிருந்தே இரண்டு பக்கமும் ஆடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. கேட்சராகக் குந்தியிருந்தது ராலியின் 15 வயதுத் தம்பி. சீசன் முழுவதும் முகக்கவசத்துக்குள் ஒளிந்திருக்கும் அண்ணன் அன்று மட்டையோடு நிற்க, அவருடைய வழக்கமான இடத்தில் தம்பி அமர்ந்திருந்த காட்சி, அந்த ஆண்டில் நான் பார்த்த பேஸ்பால் காட்சிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தமானது.

தந்தையின் வேலையும் எளிதன்று. முதல் சுற்றில் மூன்று நிமிடங்களுக்குள் அதிகபட்சம் 40 பந்துகள். சராசரியாக நான்கரை விநாடிக்கு ஒரு பந்து, அதுவும் மகனுக்குப் பிடித்த அதே உயரத்தில், அதே இடத்தில் விழ வேண்டும். ஒன்று தவறினால் இழப்பு மகனுக்கு. ராலி முதல் சுற்றில் இரு கைகளாலும் ஆடி 17 ஹோம் ரன்கள் எடுத்தார். அத்லெடிக்ஸ் அணியின் பிரென்ட் ரூக்கரும் 17. நான்காவது இடம் ஒன்றுதான் மிச்சம். விதிப்படி, இருவரில் யார் அடித்த மிக நீண்ட ஹோம் ரன் அதிக தூரம் சென்றதோ அவருக்கே அந்த இடம்.

இங்கேதான் அந்த இரண்டு எண்களும் வருகின்றன. முழு எண்ணாக்கினால் இரண்டுமே 471 அடிதான். தசமப் புள்ளிக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது ராலியின் பந்து 0.08 அடி முன்னே இருந்தது. இந்தத் தூரத்தை யாரும் அளவு நாடா வைத்து அளப்பதில்லை. பந்து ரசிகர்களின் இருக்கைகளில் விழுந்துவிடுகிறது. அது தடையின்றித் தரை மட்டம் வரை போயிருந்தால் எங்கே விழுந்திருக்கும் என்பதை, கேமராக்கள் பதிவு செய்த பாதையிலிருந்து கணினி கணக்கிடுகிறது. 2020 முதல் மேஜர் லீக் மைதானங்களில் இதற்குப் பயன்படுவது, கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ தீர்ப்புகளில் நாம் பார்த்துப் பழகிய ஹாக் ஐ தொழில்நுட்பமே. விழாத இடத்தைக் கணக்கிட்டு, அதிலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசத்தை வைத்து ஒருவரை வெளியேற்றுவது சரியா? ராலி வெல்ல வேண்டும் என்று முழு மனத்தோடு விரும்பியவன் நான். இருந்தாலும், ரூக்கருக்கும் ராலிக்கும் ஆளுக்கு மூன்று பந்துகள் கொடுத்து மீண்டும் மோத விட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் தீர்ப்பைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். இந்த வீடியோவில் நான் விவாதிக்க மிகவும் விரும்பும் கேள்வி இதுதான்.

அதற்குப் பிறகு ராலியை யாரும் தடுக்கவில்லை. முதல் சுற்றில் 513 அடி தூரத்துக்கு ஒரு பந்தை அனுப்பி மைதானத்தையே வாய் பிளக்க வைத்த ஓனீல் குரூஸை அரையிறுதியில் 19-13 என்று வென்றார். இறுதியில் டாம்பா பே அணியின் 22 வயது ஜூனியர் கமினெரோவை 18-15 என்று வென்று, இந்தக் கோப்பையை வென்ற முதல் கேட்சர் ஆனார். மரைனர்ஸ் வீரர்களில் இதற்கு முன் இதை வென்றவர் கென் கிரிஃபி ஜூனியர் மட்டுமே.

[திரையில்: ஆல் ஸ்டார் ஆட்டத்தின் ஸ்கோர் பலகை, 6-6]

அடுத்த நாள் ஆல் ஸ்டார் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே மீண்டும் ராலி. பந்து ஸ்ட்ரைக் எல்லைக்குள், அதாவது பேட்டர் அடித்திருக்க வேண்டிய பகுதிக்குள், வந்ததா என்ற நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கணினியிடம் முறையிடும் வசதி ஆல் ஸ்டார் ஆட்டத்தில் முதன்முறையாக அன்றுதான் அனுமதிக்கப்பட்டது. பிட்சர் டாரிக் ஸ்கூபலின் பந்து ஸ்ட்ரைக் இல்லை என்று நடுவர் அறிவிக்க, முறையீடு செய்யப்பட்டது, தீர்ப்பு மாறியது, மூன்றாவது ஸ்ட்ரைக்காகி பேட்டர் மேனி மச்சாடோ ஆட்டமிழந்தார். அந்தப் பந்தைப் பிடித்தவர் ராலிதான். குந்தியிருக்கும் இடத்திலிருந்து பந்தின் பாதையை அவரைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர் மைதானத்தில் எவரும் இல்லை.

நேஷனல் லீக் 6-0 என்று முன்னேறியது. அமெரிக்கன் லீக் பின்னர் துரத்தி வந்து ஒன்பதாவது இன்னிங்ஸில் 6-6 என்று சமன் செய்தது. அந்தத் துரத்தலைத் தொடங்கி வைத்த மூன்று ரன் ஹோம் ரன்னை அடித்தவர் யார் தெரியுமா? முந்தைய இரவு ஓர் அங்குலத்தில் வெளியேறிய அதே ரூக்கர். வழக்கமான ஆட்டம் என்றால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவார்கள். 2002-இல் மில்வாக்கியில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டம் 11 இன்னிங்ஸ் ஆடியும் முடியாமல், பிட்சர்களும் தீர்ந்துபோய், 7-7 என்ற சமநிலையில் கைவிடப்பட்டது. அந்தக் கசப்பு பல ஆண்டுகள் நீடித்தது. 2022 முதல் விதி வேறு. ஒவ்வொரு பக்கமும் மூன்று பேட்டர்கள், ஆளுக்கு மூன்று வீச்சுகள், அதிக ஹோம் ரன் அடித்த பக்கம் வெற்றி. அந்த விதி முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இரவு இது. ரூக்கர் இரண்டு அடித்தார். அடுத்து வந்தவர் மரைனர்ஸ் அணியின் ரேண்டி அரோசரேனா, அவர் ஒன்று. மறுபக்கம் நேஷனல் லீக் ஒன்று அடித்திருந்த நிலையில் வந்த ஃபிலடெல்ஃபியாவின் கைல் ஷ்வார்பர், மூன்று வீச்சில் மூன்றையும் எல்லைக்கு வெளியே அனுப்பி, 4-3 என்று முன்னிலை தந்தார். அமெரிக்கன் லீக்கின் மூன்றாமவருக்கு ஒன்றும் கிட்டாததால் ஆட்டம் அப்படியே முடிந்தது. ஆட்டத்துக்குள் ஒருமுறைகூட ஹிட் அடிக்காத அவருக்கே ஆட்ட நாயகன் விருதும் கிடைத்தது. அந்த ஐந்து நிமிடங்களை நான் மிகவும் ரசித்தேன். ஆனாலும் 162 ஆட்டங்களின் கணக்குக்குள் இந்த முறை நுழையக் கூடாது. அங்கே ஓட்டம், பிடிப்பு, பந்துவீச்சு எல்லாம் சேர்ந்துதான் வெற்றியை முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடைவேளையில் இன்னொரு மரைனரும் இருந்தார், மைதானத்துக்கு வராமலேயே. மைதானத்தின் நடுப்பகுதியில் தொலைவில் நின்று பந்தைப் பிடிக்கும் சென்டர் ஃபீல்டர் ஹூலியோ ரோட்ரிகஸ் ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வு பெற்றும், ஓய்வு வேண்டும் என்று விலகிக்கொண்டார். ரசிகர்கள் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். எனக்கு அந்த முடிவின் மீது மதிப்பு உண்டு. ஓய்வு முடிந்து திரும்பியவர் சீசனை 32 ஹோம் ரன்களோடும் பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேரும் 30 ‘தளத் திருட்டு’களோடும் முடித்தார்.

புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டும் அதே நாட்களில் நடந்தது; மூன்றாவது வாய்ப்பில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இடக்கைப் பிட்சர் கேட் ஆண்டர்சனை மரைனர்ஸ் எடுத்தது.

[திரையில்: ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நாட்காட்டி]

ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது சியாட்டிலுக்கு வந்த முதல் எதிரணி அதே ஆஸ்ட்ரோஸ். ஜூலை முடிவதற்குள் அரிசோனாவிலிருந்து ஜாஷ் நேலரும் யூஹேனியோ சுவாரெஸும் வாங்கப்பட்டார்கள். இடையில் ஜூலை 27 அன்று, மரைனர்ஸின் முன்னாள் வீரர் இச்சிரோ சுசுகி, 394 வாக்குகளில் 393 பெற்று, கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ஜப்பானியரானார். அவர் மேஜர் லீகில் அறிமுகமான 2001-இல் ஆல் ஸ்டார் ஆட்டம் சியாட்டிலிலேயே நடந்தது. மரைனர்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் தேர்வாகியிருந்தார்கள். அந்த அணி 116 ஆட்டங்களை வென்றது. மேற்குப் பிரிவின் பட்டத்தை மரைனர்ஸ் கடைசியாக வென்றதும் அந்த ஆண்டுதான்.

அந்த 24 ஆண்டு காத்திருப்பு 2025 செப்டம்பர் 24 அன்று முடிந்தது. அதே இரவில் ராலி தன் 60-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். டெர்பியில் ஆடினால் மட்டை வீச்சு கெட்டுவிடும் என்று ஆண்டுதோறும் சொல்பவர்களுக்கு, இடைவேளைக்குப் பின் அவர் அடித்த 22 ஹோம் ரன்களைக் காட்டுங்கள். கேட்சர்களுக்கான பெரஸின் 48, இரு கை பேட்டர்களுக்கான மிக்கி மேன்டிலின் 54, மரைனர்ஸ் அணிக்கான கிரிஃபியின் 56, மூன்றும் அந்த வேகத்தில் பின்னால் போயின. அக்டோபரில் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்று, டொரான்டோவிடம் 4-3 என்று மரைனர்ஸ் தோற்றது. 1977-இல் பிறந்த இந்த அணி இன்றுவரை, இரு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரில் கால் வைக்கவில்லை. 30 அணிகளில் அப்படி இருப்பது இது ஒன்றுதான்.

2026-ஆம் ஆண்டின் ஆல் ஸ்டார் ஆட்டம் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதாவது ஷ்வார்பரின் சொந்த மைதானத்துக்கு. அட்லாண்டாவில் ராலியும் ஸ்கூபலும் சோதித்துப் பார்த்த முறையீட்டு வசதி 2026 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் உரியது. எந்த அணியின் கேட்சர் அதை மிகத் துல்லியமாகப் பயன்படுத்துவார் என்று நினைக்கிறீர்கள்? என் வாக்கு ராலிக்கு. உங்கள் அணி எது, உங்கள் கேட்சர் யார் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.